ஒலி அளவு: மூன்று

நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள்.
பெயர் லோர்ன் பாச்செட். மின்வேலை. தண்டர் பே.
நவம்பர் பத்தொன்பது, செவ்வாய்க்கிழமை.
ஏரி இன்னும் உறையவில்லை,
காற்று உறைந்திருந்தது.
வேலைச்சீட்டில் ஒரே வரி:
இரண்டாம் தளம், அழைப்புமணி, ஒலியைக் குறைக்கவும்.

ஒன்பதில் இருந்தது.
மூன்றுக்குக் கொண்டுவந்தேன்.
ஒரு திருகு, ஒரு மூடி, பன்னிரண்டு நிமிடம்.
வண்டிச்செலவு சேர்த்து நூற்று நாற்பது டாலர்.
'வேலை திருப்தி' என்ற கட்டத்தில்
இரவு நர்ஸ் பெர்னடெட் டிக் போட்டாள்.

அவளைத் திட்டி எழுத மாட்டேன்.
நாற்பத்தாறு கட்டில். இரவில் இரண்டே பேர்.
ஒருவரைப் புரட்டித் துடைக்கும்போதே
இன்னும் ஏழு அறை அலறும்.
அலறலில் விழித்தவர்கள்
செத்துப்போன கணவனைத் தேடி
வராந்தாவில் வெறுங்காலோடு நடப்பார்கள்.
தூங்கட்டுமே, என்றாள்.
எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பதினான்காம் அறையில் ஐலி ரவுத்தியோ.
பின்லாந்துக் குடும்பம்.
ஒரு காலத்தில் நிப்பிகன் காட்டில்
மரம்வெட்டிகள் முகாமுக்குச் சமையல்காரி.
தொங்கவிட்ட ரம்பத் தகட்டில் கரண்டியால் ஒரு தட்டு,
அறுபது ஆண்கள் கோடரியைப் போட்டுவிட்டு ஓடி வருவார்களாம்.
நான் மூடியை முடுக்கிக்கொண்டிருந்தபோது
சக்கர நாற்காலியை உருட்டி வந்து சொன்னாள்.
சத்தத்தைக் குறை என்று அவர்களில் எவனும் கேட்டதில்லை தம்பி, என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
ஏணியிலிருந்து இறங்கவில்லை.

ஜனவரி ஆறு.
இயந்திரம் எழுதி வைத்திருக்கிறது,
அதற்கு யார்மேலும் கோபமில்லை.
இரண்டு பத்துக்கு அறை பதினான்கு, ஒருமுறை.
இரண்டு இருபத்தாறுக்கு இன்னொருமுறை.
பிறகு பதினான்கு கூப்பிடவே இல்லை.
கழிப்பறைக்குத் தானே எழுந்திருக்கிறாள்.
பொத்தான் கட்டிலில்.
அவள் தரையில்.

அதற்கப்புறம் அடித்ததெல்லாம் பதினாறு.
கிளாரன்ஸ் போத்ரி. பக்கவாதம், பேச்சில்லை.
சும்மா சும்மா அடிப்பவர் என்று
வந்த மாதமே பெயர் வாங்கியவர்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவள் முனகியது
அவருக்குக் கேட்டிருக்கிறது.
அறுபத்து மூன்று முறை.
நாலு ஐம்பத்திரண்டு வரை.
நடுவில் பதினோரு நிமிடம் ஒன்றுமில்லை.
கை மரத்துப்போயிருக்கும்.
மறு கைக்கு உயிர் கிடையாது.

சத்தம்தானே குறைத்தாய்,
கதவுக்கு மேல் விளக்கு எரிந்ததே,
அதைச் சொல், என்கிறார் வக்கீல்.
எரிந்தது. சிவப்பாக, ஒழுங்காக எரிந்தது.
வராந்தாவில் ஆள் நின்றால் தெரியும்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
இங்கே காது நன்றாகத்தான் இருந்தது, ஐயா.
சங்கின் வாயில் துணியை அடைத்தது நான்.

இடுப்பெலும்பு கூடவில்லை.
இரண்டு வாரத்துக்குள் போய்விட்டாள்.
இல்லம் அனுப்பிய கடிதத்தில்
'அமைதியாக' என்று போட்டிருக்கிறது.
அந்தச் சொல்லையும் எவனோ
திருகித்தான் வைத்திருப்பான்.

அடுத்த சனிக்கிழமை போனேன், சீட்டு இல்லாமல்.
மூன்றை ஒன்பதாக்கினேன். கூலி எழுதவில்லை.
(திங்களன்று வேறொரு கம்பெனி வந்து
மறுபடி குறைத்துவிட்டுப் போனதாகக் கேள்வி.
அது அப்புறம்.)
கிளம்பும்போது பதினாறில் எட்டிப் பார்த்தேன்.
போத்ரி என்னைப் பார்த்தார்.
சுவரைப் பார்த்தார்.
பொத்தானை அழுத்தினார்.

தளமே அதிர்ந்தது.
ஏணியைச் சாத்திவிட்டு
அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.
பத்தொன்பது நிமிடம்.
பெர்னடெட் ஓடித்தான் வந்தாள்.
கையுறை ஈரமாக இருந்தது.